ஆறு அடுக்குக் காகிதப்பூ: கலப்பூடகப் பூ ஓவியத்தில் கோளாறு கண்டறிந்து சரிசெய்யும் முறை

காகிதம், வண்ணம், பென்சில் எனப் பல பொருள்களைக் கலந்து ஒரு பூவை ஆறு அடுக்குகளாக வரைகிறவர், ஐந்தாவது அடுக்கில் கண்ணில் படும் கோளாறை ஐந்தாவது அடுக்கிலேயே சரிசெய்யப் பார்ப்பது இயல்பு. படம் கெடுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். உரிகின்ற வண்ணத்தின் மேல் இன்னும் கெட்டியாகப் பூசினால் அந்தக் கெட்டிப் பூச்சும் சேர்ந்து உரியும். கசிகின்ற சாயத்தை வெள்ளையால் மூடினால் வெள்ளையும் இளஞ்சிவப்பாகும். கோளாறு தெரிகிற அடுக்கு வேறு, அது பிறந்த அடுக்கு வேறு. ஒவ்வோர் அறிகுறிக்கும் எந்த அடுக்குவரை இறங்கிப் பார்க்க வேண்டும், எதைத் தொடாமல் விடலாம் என்பதையே கீழே எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு நான் வைத்துக்கொள்வது காகிதப்பூ. சிங்கப்பூரின் மேம்பாலங்களிலும் நடைபாலங்களிலும் வரிசையாகப் பூத்துத் தொங்கும் பூகன்வில்லாவைத்தான் சொல்கிறேன். நாம் பூவென்று எண்ணும் அந்தக் கருஞ்சிவப்பு உண்மையில் மூன்று வண்ண இலைகள். மெய்யான பூ, ஒவ்வோர் இலையின் நடு நரம்பிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும் வெளிர்நிறச் சிறு குழல். இலை மெல்லியது, நரம்போடியது, வெயிலுக்கு எதிரே பிடித்தால் வெளிச்சத்தை உள்ளே விடுவது. காகிதத்தைக் கிழித்து ஒட்டி, அதன் மேல் மெல்லிய வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான பூ எனக்குக் கிடைத்ததில்லை.

அடுக்குகளின் வரிசை இது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள வாட்டர்கலர் தாளில் முதலில் ஜெஸ்ஸோ, அதாவது வண்ணம் பிடிக்க உதவும் வெள்ளை அடிப்பூச்சு. அதன் மேல் கிழித்த காகிதங்களை மேட் மீடியத்தால் (நிறமி சேராத, பளபளப்பில்லாத அக்ரிலிக் பிசின்) ஒட்டுவது இரண்டாவது. மூன்றாவது, நீர்த்த அக்ரிலிக்கில் பின்னணி நிறங்கள். நான்காவது, பூவின் உருவம். ஐந்தாவது, வண்ணப் பென்சில், பெயிண்ட் மார்க்கர், ஆயில் பேஸ்டல் ஆகியவற்றால் கோடும் புள்ளியும். ஆறாவது, காப்பு வார்னிஷ். நான் ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறை மேசையில் வரைகிறேன். சிங்கப்பூரில் விடியலுக்குச் சற்று முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் அது 60 விழுக்காட்டு அளவுக்கு இறங்கும். காலையில் பூசிய ஒரு பூச்சும் பிற்பகலில் பூசிய அதே பூச்சும் ஒரே நேரத்தில் காய்வதில்லை என்பதால், வறண்ட ஊர்க்காரர்கள் சொல்லும் ‘பத்து நிமிடம் காயவிடுங்கள்’ என்ற கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்தக் கோளாறானாலும் கை வைக்குமுன் மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள்: குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே நீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது, மேலே காய்ந்ததுபோல் தெரிவது வெறும் தோல்தான். அடுத்து, காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை நீரில் நனைத்து, படத்தின் ஓரத்தில் ஓரிடத்தில் உருட்டுங்கள்: பஞ்சில் நிறம் ஏறினால் அந்த அடுக்கு நீரில் கரையக்கூடியது. மூன்றாவதாக, மாஸ்கிங் டேப்பில் ஒரு துண்டை ஒட்டி மெதுவாக இழுங்கள்: வண்ணம் டேப்போடு வந்தால் அடுக்குகளுக்கு இடையே பிடிப்பில்லை. கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு இந்த மூன்றிலேயே விடை தெரிந்துவிடும்.

பூவின் நிறம் சேறாகிவிட்டது

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மேசையைச் சுற்றி உட்காரும் நான்கைந்து பேரில் ஒருவர், நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமை வரையத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, “அக்கா, நான் போட்டது ஊதா, வந்தது மைலோ” என்று அந்தச் சாக்லேட் பானத்தின் பழுப்பைச் சொன்னார். அவர் பிழை எதுவும் புதிதன்று. 1893இல் பதிவாகி 1981இல் தேசிய மலரான அந்த ஆர்க்கிட்டின் இதழ்கள் ரோஜாச் சாயலுள்ள ஊதா. நடு உதட்டின் தொண்டையிலோ ஆரஞ்சும் மஞ்சளும் எரிகின்றன. ஊதாவும் மஞ்சளும் நிறச் சக்கரத்தில் எதிரெதிரே நிற்பவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று ஏற்றிக் காட்டும். ஈரத்தோடு கலந்தால் ஒன்றையொன்று தின்று பழுப்பாகும். சிவப்புக்குப் பச்சையும், ஆரஞ்சுக்கு நீலமும் அப்படியே. பூவும் இலையும் ஒன்றையொன்று தொடுகிற படத்தில் இந்த மோதல் ஒவ்வோர் ஓரத்திலும் காத்திருக்கிறது.

முதலில், சேறு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஓரங்களில் மட்டும் என்றால், ஈரமான இலைப் பச்சையின் மேல் இதழை வரைந்திருக்கிறீர்கள். காரணம் காத்திருக்காததே தவிர வேறொன்றும் இல்லை. இதழ் முழுவதும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால், தட்டில் கலந்த கலவையே தவறு: மூன்று நான்கு டியூப்களைக் கலந்திருப்பீர்கள், அவற்றில் ஒவ்வொன்றும் ஏற்கெனவே இரண்டு மூன்று நிறமிகளின் கலவையாக இருந்திருக்கும். டியூபின் பின்புறம் நிறமிக் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். ஒரே குறியீடு உள்ள டியூப்களை வாங்கினால் கலவை தெளிவாக நிற்கும். காகிதப்பூவின் அந்தக் கருஞ்சிவப்புக்கு, பிவி19 என்று குறியிட்ட குயினாக்ரிடோன் குடும்ப நிறம் ஒன்றே போதும். பால் கலந்ததுபோல் வெளிறி உயிரற்றுக் கிடக்கிறது என்றால் குற்றவாளி வெள்ளை. எல்லா நிறத்திலும் வெள்ளையைக் கலந்து வெளிச்சம் காட்ட முயன்றதன் விளைவு அது. கழுவும் நீர் ஒரே குவளையில் இருந்தால் அதையும் சந்தேகியுங்கள். எனக்கு எப்போதும் இரண்டு குவளை உண்டு, ஒன்று செந்நிறங்களுக்கு, மற்றது பச்சைக்கும் நீலத்துக்கும்.

சரிசெய்வதற்கு, சேற்றைத் தேய்த்து எடுக்க முனைய வேண்டாம்; கீழுள்ள காகிதம் கிழியும். முழுதாகக் காயவிட்டு, இதழின் உருவத்தில் மட்டும் வெள்ளை ஜெஸ்ஸோவை மெல்லிதாக இருமுறை பூசுங்கள். அது காய்ந்த பிறகு, வெள்ளை கலக்காத சிவப்பை மீடியத்தில் கரைத்துத் தேநீர் அளவு நீர்மையாக ஏற்றுங்கள். டியூபில் உள்ள சிறு சதுரம் காலியாக இருந்தால் அந்த நிறம் ஒளி ஊடுருவுவது, நிரம்பியிருந்தால் மறைப்பது. இந்த ஏற்றத்துக்குக் காலிச் சதுர நிறமே தேவை. கீழே உள்ள வெள்ளையிலிருந்து வெளிச்சம் திரும்பி வருவதால், வெயில்படும் காகிதப்பூ இலையின் ஒளி அப்போதுதான் கிடைக்கிறது. ஒரு பூச்சு போதவில்லையென்றால் காயவிட்டு இன்னொன்று. ஒரே பூச்சில் கெட்டியாக ஏற்றிவிட நினைத்தால் மறுபடியும் மைலோதான். ஈரத்தில் பார்க்கும் நிறத்தை நம்பாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அக்ரிலிக்கின் பிசின் ஈரத்தில் பாலாக வெளுத்திருக்கும், காய்ந்தால் தெளியும். ஆகவே காய்ந்த நிறம் ஒரு படி கறுத்தே வரும்.

ஒட்டிய காகிதம் குமிழ் விடுகிறது, சுருங்குகிறது

காகிதம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். கீழே உள்ள தாளும் மேலே உள்ள காகிதமும் வெவ்வேறு அளவில் விரிந்தால் இடையில் காற்று மாட்டிக்கொள்கிறது. ஒட்டுகிறவர்கள் கீழ்த்தாளில் மட்டும் பசை தடவி, காய்ந்த காகிதத்தை அதன் மேல் வைத்து அழுத்துவதே குமிழுக்கு மூல காரணம். காகிதத்தின் பின்புறத்திலும் மீடியத்தைத் தடவி, அரை நிமிடம் அப்படியே விட்டு, அது விரிந்து தளர்ந்த பிறகு வைக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, காலாவதியான ஒரு பிளாஸ்டிக் அட்டையால் தள்ளிக்கொண்டே போனால் காற்றும் மிகுதிப் பசையும் வெளியேறும். பிறகு மேற்புறத்திலும் ஒரு பூச்சு மீடியம். மெல்லிய டிஷ்யூ காகிதத்தை இப்படிக் கையில் எடுத்தால் கிழிந்துவிடும். அதை மட்டும் காய்ந்தபடியே ஈரப் பசையின் மேல் விட்டு, மேலிருந்து மெல்லிய தூரிகையால் தட்டித் தட்டி அமர்த்துங்கள்.

ஏற்கெனவே காய்ந்துவிட்ட குமிழுக்கு வேறு வைத்தியம். ஊசியால் குமிழின் ஓரத்தில் ஒரு துளையிட்டு, ஊசி கழற்றிய சிறு சிரிஞ்சில் நீர்த்த மீடியத்தை எடுத்துத் துளைவாயில் வைத்து உள்ளே செலுத்துங்கள். பேக்கிங் தாள் ஒன்றை மேலே போட்டு, அதன் மேல் கனமான புத்தகத்தை வைத்து ஓரிரவு விடுங்கள். குமிழ் பெரியதென்றால் சவரத் தகட்டால் சிலுவையாகக் கீறி, நான்கு மடல்களையும் திறந்து, பசை தடவி மூடுவதே நல்லது. கீறல் அசிங்கமாகத் தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அந்த இடத்தில் ஓர் இலை நரம்பை ஓட்டிவிடலாம்.

சுருக்கங்களைப் பொறுத்தவரை என் தீர்ப்பு வேறு. எல்லாச் சுருக்கமும் கோளாறு அன்று. காகிதப்பூவின் இலையிலேயே சுருக்கம் இருக்கிறது. அதன் நரம்போட்டத்துக்கு இசைவாக விழுந்த சுருக்கத்தை விட்டுவிடுங்கள், குறுக்கே வெட்டிக்கொண்டு போவதை மட்டும் நீக்குங்கள். வெட்டிய ஓரத்தைவிடக் கிழித்த ஓரம் நன்றாக அமரும் என்பதையும் கண்டிருக்கிறேன், ஏனெனில் கிழித்த இடத்தில் இழைகள் மெலிந்து கீழ்த்தாளோடு கலந்துவிடுகின்றன. காகித ஒட்டுக்குப் பேர்பெற்றவரும் 1989இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் பெற்றவருமான ஓவியர் கோ பெங் குவானின் படத்தை நேரில் பார்க்க வாய்த்தால், நடுவை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் சிறிது நேரம் பாருங்கள்.

பசைக்கு மீடியமே ஏற்றது. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகக்கூடும். மூன்றாவது அடுக்கில் நீர்த்த வண்ணம் ஏற்றும்போது காகிதம் மறுபடி தூக்கிக்கொண்டால், இரண்டாவது அடுக்கின் பசையைத்தான் குறை சொல்ல வேண்டும்.

அடியிலிருந்து சாயம் மேலே ஊறுகிறது

வெள்ளையாக இருந்த இடத்தில் இளஞ்சிவப்பு அல்லது மஞ்சள் நிழல் படர்கிறது. மேலே எத்தனை முறை வெள்ளை பூசினாலும் மறுநாள் திரும்ப வருகிறது. ஒட்டிய காகிதத்தின் நிறம் சாயமே தவிர நிறமி அன்று என்பதற்கு இதுவே அடையாளம். சாயம் கரையும், நிறமி கரையாது. சீனப் புத்தாண்டு முடிந்ததும் வீட்டில் சேரும் சிவப்பு அங்பாவ் (அன்பளிப்புப் பண) உறைகள், வண்ண டிஷ்யூ காகிதம், வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியில் எடுத்த படங்கள், ஜெல் பேனா ஆகியவற்றைப் பஞ்சுக்குச்சி சோதனை செய்யாமல் ஒட்டவே கூடாது. படம் அச்சிட்டு ஒட்ட வேண்டுமானால் லேசர் அச்சில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தூள் வெப்பத்தால் உருகி ஒட்டியது, நீருக்கு அசையாது.

நம் வீடுகளுக்கே உரிய ஒன்றும் உண்டு: மூலைகளில் மஞ்சள் தடவிய திருமண அழைப்பிதழ். பொன் அச்சும் கெட்டித் தாளும் கண்டு அதைக் கிழித்து ஒட்டத் தோன்றும், நானும் ஒட்டியிருக்கிறேன். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி நீர் சிவப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அக்ரிலிக் மீடியமும் சற்றே காரத்தன்மை உள்ளது. ஆகவே அந்த மூலைகள் முதலில் செந்நிறமாக மாறவும், பிறகு வெளிச்சம் பட்டு வெளுக்கவும் இடமுண்டு. மூலைகளை வெட்டி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள்.

கசிவு தொடங்கிவிட்டால் வெள்ளைக்கு முன் தடுப்பு வேண்டும். பளபளப்பு மீடியத்தைத் தேய்க்காமல், ஒரே இழுப்பில் பூசிக் காயவிட்டு, இன்னொரு பூச்சும் பூசி, மறுநாள் வெண்மை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் தொடரலாம். ஆல்கஹால் மார்க்கர் போட்ட இடமென்றால் இதுவும் போதாது. அந்த மை பூச்சுக்குள்ளேயே ஊர்ந்து மேலே வரும். வீண்போராட்டம் வேண்டாம், அந்த இடத்தின் மேல் புதிய காகிதம் ஒன்றை ஒட்டிவிட்டு, அதைப் பூவின் இன்னோர் இலையாக்கிக்கொள்ளுங்கள்.

மேல் வண்ணம் தோலாக உரிகிறது

நகத்தால் சுரண்டினால் வண்ணம் பிளாஸ்டிக் தோல்போல் எழுந்து வருகிறது என்றால் மூன்று இடங்களில் காரணம் தேடலாம். முதலாவது, எண்ணெய். ஆயில் பேஸ்டலும் மெழுகு கிரேயானும் எப்போதும் முழுதாகக் காய்வதில்லை. அவற்றின் மேல் நீர் சார்ந்த எந்த வண்ணமும் பிடிக்காது. ஐந்தாவது அடுக்குக்கு உரிய ஆயில் பேஸ்டலை ஆர்வத்தில் மூன்றாவதிலேயே தீட்டிவிட்டு அதன் மேல் அக்ரிலிக் பூசுவதே வகுப்பில் நான் மிகுதியாகக் காணும் தவறு. உரிந்த வண்ணத்தை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் பேஸ்டலைச் சுரண்டி, மிஞ்சியதை டர்பன்டைன் வாசனையில்லாத வெள்ளை ஸ்பிரிட்டில் தோய்த்த துணியால், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, துடைக்க வேண்டியிருக்கும். கீழே உள்ள அக்ரிலிக்கை அது இளக்குகிறதா என்பதை ஓரத்தில் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். பேஸ்டலே படத்தின் உயிர் என்று தோன்றினால், அதைக் கடைசி அடுக்காகவே வைத்து, தூரிகையால் வார்னிஷ் பூசும் எண்ணத்தைக் கைவிட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் வையுங்கள்.

இரண்டாவது காரணம் சமையலறை. தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் பிசுக்காகப் படிவதை யாரும் அறிவோம். அங்கே வைத்த தாளில் மட்டும் படியாதா? எனக்கு இது புரிய ஓராண்டு ஆயிற்று. ஒரே டப்பா ஜெஸ்ஸோ, ஒரே கை, ஆனால் மேல்தட்டுத் தாள்களில் மட்டும் திட்டுத்திட்டாகப் பிடிக்காமல் போனது. இப்போது தாள்கள் படுக்கையறையில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கின்றன.

மூன்றாவது, நீர் மிகுதி. அக்ரிலிக்கில் தண்ணீரை மேலும் மேலும் சேர்த்தால் நிறமியைப் பிடித்து வைக்கும் பிசின் மெலிந்துபோகிறது. காய்ந்தபின் சுண்ணாம்புபோல் கையில் ஒட்டும், அடுத்த பூச்சின் ஈரத்தில் தூக்கிக்கொள்ளும். வண்ணத்தைப் பாதிக்குப் பாதி நீர்த்த பிறகும் இன்னும் மெலிதாக வேண்டுமென்றால் நீருக்குப் பதில் மீடியத்தைச் சேர்க்க வேண்டும். வழுவழுப்பான பளபளப்பு மீடியத்தின் மேல் பென்சிலோ அடுத்த பூச்சோ பிடிக்காமல் போனால் அது எளிய வழக்கு: 400 எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, மேட் மீடியம் ஒரு பூச்சு.

நாட்கள் கழிந்தும் கை ஒட்டுகிறது

இதுதான் நம் ஊர்க் கோளாறு. அக்ரிலிக் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் நீர் ஆவியாகி மேல் தோல் கட்டுகிறது. பிறகு, உள்ளே மிஞ்சிய நீரும் பிற திரவங்களும் வெளியேறிப் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று இறுகுகின்றன. முதல் கட்டத்துக்கு நிமிடங்கள் போதும். இரண்டாவதற்கு, கெட்டிப் பூச்சென்றால், வாரங்கள் ஆகும். ஈரக் காற்று இரண்டையும் இழுத்தடிக்கிறது. போதாக்குறைக்கு அக்ரிலிக் படலம் சூட்டில் இளகும் இயல்புடையது. முழுதாக இறுகிய பிறகும் நம் வெப்பத்தில் சற்றே மென்மையாகத்தான் இருக்கும். ஆகவே பிசுபிசுப்பு கண்டவுடன் கெட்டுப்போன வண்ணம் என்று டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம்.

ஹேர் டிரையரை எடுக்கும் கையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். மெல்லிய பூச்சுக்கு அது உதவும், ஒரு முழ தூரத்தில், குறைந்த சூட்டில், அசைத்துக்கொண்டே. கெட்டிப் பூச்சிலும், மேடாக்க உதவும் கெட்டிக் களிம்பான மாடலிங் பேஸ்ட்டிலும் அது மேல் தோலை மட்டும் இறுக்கி உள்ளீரத்தைச் சிறைப்படுத்தும். பிறகு வெடிப்பு விடும். மின்விசிறி ஓடும் அறையில், நேர்க்காற்று படாமல், படுக்கை வசமாக வைப்பதே மேல். ஏர்கானில் ஈரம் நீக்கும் நிலை இருந்தால் டிசம்பர், ஜனவரி மழை நாட்களில் இரண்டு மணி நேரம் போட்டுவிடுங்கள். மாடலிங் பேஸ்ட்டால் பூவின் நடுவை மேடாக்குகிறவர்கள் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் அப்பக் கூடாது.

படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதால் வரும் இழப்பு பெரியது. இரண்டு அக்ரிலிக் முகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தால் நம் வெப்பத்தில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இடையே செய்தித்தாள் வைத்தாலும் எழுத்துகள் படத்தில் பதிந்துவிடும். சிலிக்கான் பூசிய பேக்கிங் தாளே பாதுகாப்பு. என் படம் ஒன்றைச் சட்டமிடக் கொடுத்தபோது, கடைக்காரர் கண்ணாடியை நேரே படத்தின் மேல் வைத்து இறுக்கிவிட்டார். எட்டு மாதம் கழித்துக் கழற்றினால், மேடாக இருந்த மூன்று பூக்களின் நுனி கண்ணாடியோடு போய்விட்டது. அன்றிலிருந்து மவுன்ட் அட்டையோ இடைவெளிக் கட்டையோ வைக்கும்படி எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

ஏற்கெனவே ஒட்டிப்போன இரண்டு படங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் படலம் இறுகும். பிறகு ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரிக்கலாம். உறைபெட்டி வேண்டாம், அங்கே படலம் நொறுங்கும்.

தாள் படகுபோல் வளைகிறது

ஒரு பக்கம் மட்டும் பூச்சு ஏறியதால் அந்தப் பக்கம் இழுக்கிறது. பின்புறத்திலும் ஜெஸ்ஸோவோ மீடியமோ ஒரு பூச்சு பூசி, காய்ந்ததும் இரண்டு பேக்கிங் தாள்களுக்கு இடையே கனம் ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். அடுத்த முறை 300 கிராமுக்குக் குறைந்த தாளில் தொடங்காதீர்கள்.

பூ இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை

பொருளில் எந்தக் குறையும் இல்லை. ஒட்டியது ஒட்டியிருக்கிறது, நிறம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் பத்தடி தள்ளி நின்றால் பூ எது பின்னணி எது என்று தெரியவில்லை. கலப்பூடகத்தில் இதுவே மிகக் கடினமான கோளாறு, ஏனெனில் ஒவ்வோர் அடுக்கும் தன்னைக் காட்டிக்கொள்ளப் பார்க்கும். கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பூவும் பின்னணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், உங்கள் சிக்கல் நிறத்தில் இல்லை, ஒளியளவில் இருக்கிறது. கருஞ்சிவப்புக் காகிதப்பூவும் நடுத்தரப் பச்சையும் கண்ணுக்கு எத்தனையோ வேறுபட்டாலும் கறுப்பு வெள்ளையில் இரட்டைப் பிள்ளைகளாக நிற்கும்.

அப்போது கை தானாகவே பூவுக்குப் போகும். இன்னும் பிரகாசமாக்குவோம், சுற்றிலும் கறுப்புப் பேனாவால் கோடு போடுவோம் என்று. கோடு போட்டால் பிள்ளைகளின் வண்ணம் தீட்டும் புத்தகமாகிவிடும். பூவை விட்டுவிட்டுப் பின்னணிக்கு இறங்குங்கள். நீலமும் பச்சையும் கலந்த ஆழ்ந்த நிறத்தை மீடியத்தில் கரைத்து, பூவின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, பூவுக்கு வெளியே மட்டும் பூசுங்கள். இதழை வரையாமல், இதழுக்கு இடையே உள்ள வெளியை வரைவது இது. தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) மாலை கட்டுகிறவர்கள் மல்லிகைக்கு இடையிடையே மரிக்கொழுந்தை வைக்கும்போது வெள்ளை எப்படி எழுந்து நிற்கிறதோ, அதே கணக்கு. பின்னணியில் ஒட்டிய காகிதத்தின் எழுத்தும் கோலமும் முழுதாக மறையக் கூடாது. மெல்லிய பூச்சின் அடியில் அவை பாதி தெரிந்தால் போதும். ஆழ்ந்த நிறம் படத்தின் மனநிலைக்கு ஒவ்வாது என்றால், எதிர்வழியில் போய், டைட்டானியம் வெள்ளையை நீர்த்துப் பின்னணி மேல் பூசி உடனே துணியால் பாதி துடைத்துவிடுங்கள். பின்னணி பனிமூட்டத்தில் பின்வாங்கும்.

பத்துப் பூவும் ஒரே அளவு கூர்மையாக இருந்தாலும் கண் தங்க இடமிராது. இரண்டு பூக்களுக்கு மட்டும் நரம்பும் நடுவிலுள்ள வெண்குழலும் வரைந்து, மற்றவற்றை நிறத்திட்டுகளாகவே விடுங்கள். வெள்ளை மார்க்கர் புள்ளிகள் மிகவும் இனிப்பானவை; ஐந்து வைத்தால் பூந்துகள், ஐம்பது வைத்தால் அம்மை.

சில மாதங்களில் நிறம் வெளுக்கிறது, காகிதம் மஞ்சளிக்கிறது

கண்ணைப் பறிக்கும் ஒளிரும் இளஞ்சிவப்பு வகைகள் வெயிலுக்கு நிற்பதில்லை. சாய மைகளும் அப்படியே. வெளுத்ததன் மேல் நிலையான நிறமியை மெல்லிதாக ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. தமிழ் எழுத்து பின்னணியில் தெரிய வேண்டுமென்று பழைய தமிழ் முரசு தாளைக் கிழித்து ஒட்டுகிறவர்கள் பலர். செய்தித்தாள் மரக்கூழில் லிக்னின் என்னும் மரப்பொருள் இருப்பதால் அது மஞ்சளித்து நொறுங்கும். அந்தப் பக்கத்தை அமிலமற்ற தாளில் லேசர் நகலெடுத்து ஒட்டுங்கள்.

மெய்யான காகிதப்பூ இலைகளைப் புத்தகத்தில் அழுத்தி ஒட்டுவதும் உண்டு. இரண்டு வாரமாவது அழுத்திக் காயவைத்து, வளைத்தால் ஒடியும் நிலை வந்த பிறகே ஒட்ட வேண்டும். அப்போதும் நிறம் மெல்லப் போகும். அதை ஒரு படிவமாக எண்ணி மேலே வண்ணம் ஏற்றுவதே நேர்மை. பூ உங்கள் வீட்டுத் தாழ்வாரத் தொட்டியிலிருந்து வரட்டும். பூங்காவிலும் சாலையோரத்திலும் பறிக்க நம் சட்டம் இடம் தராது.

வார்னிஷ் பால் பூத்ததுபோல் வெளுத்துவிட்டது

மூன்று கேள்விகள். ஈரமான காலை நேரத்தில், அல்லது மழை பெய்யும்போது, பூசினீர்களா? கீழ் அடுக்குகள் முழுதாக இறுகக் குறைந்தது இரண்டு வாரம் விட்டீர்களா? மேட் வார்னிஷை நன்றாகக் கலக்கினீர்களா? மேட் வார்னிஷில் பளபளப்பைக் குறைக்கும் தூள் அடியில் படிந்துகிடக்கும். கலக்காமல் ஊற்றினால் முதல் படம் பளபளக்கும், கடைசிப் படம் சுண்ணாம்படித்ததுபோலாகும். குலுக்கினால் நுரைக்கும், ஆகவே குச்சியால் கிளறுங்கள். அடைபட்ட ஈரத்தால் வந்த வெண்மை, வறண்ட அறையில் சில நாள் விட்டால் தானாகவே தெளியக்கூடும். தூள் மிகுதியால் வந்ததென்றால் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு பெரும்பாலும் ஆழத்தைத் திருப்பித் தரும். இனிமேல், வார்னிஷுக்கு முன் ஒரு இடைப்பூச்சு போட்டுவிடுங்கள்: பளபளப்பான மென் ஜெல் மீடியம் இரண்டு பங்கு, நீர் ஒரு பங்கு. அது கீழே இருந்தால், பின்னாளில் வார்னிஷை நீக்க நேர்ந்தாலும் பூவுக்குச் சேதமில்லை.

பின்புறத்தில் கரும்புள்ளிகள், ஓரத்தில் அரிப்பு

புள்ளிகள் பூஞ்சை, அரிப்பு வெள்ளிப்பூச்சியின் வேலை. மைதாப் பசையும் கஞ்சிப் பசையும் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து என்பதால், பாட்டி காலத்து முறை என்றாலும் இந்தப் படத்தில் அதற்கு இடமில்லை. பூஞ்சை பின்புறத்தோடு நின்றிருந்தால், முகமூடி அணிந்து, தாழ்வாரத்தில் வைத்து, மென்மையான காய்ந்த தூரிகையால் தட்டியெடுத்து, நல்ல காற்றில் இரண்டு நாள் உலர்த்துங்கள். ஈரத்துணியால் துடைத்தால் தாளுக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். முன்புறம் வரை ஊடுருவியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி நீக்கிவிட்டுப் புதுக் காகிதம் ஒட்ட வேண்டும். மழை அடிக்கும் வெளிச்சுவரிலும் குளியலறைச் சுவரிலும் படத்தை மாட்டாதீர்கள். வேறு சுவரில் மாட்டும்போதும், சட்டத்தின் கீழ் இரு மூலைகளில் தக்கைத் துண்டு இரண்டை ஒட்டிவிட்டால், படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போக விரற்கடை இடம் கிடைக்கும்.